அரிய தட்டும் நல்ல தட்டும்: சோல் மறுவெளியீடுகளையும் புதிய ஜாஸையும் சிபாரிசு செய்வது குறித்து ஒரு பரிசீலனை

வினா

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சங்கீதத்தில் சோல் என்று வழங்கும் பிரிவைச் சார்ந்து, 1960களிலும் 1970களிலும் சிறு கம்பெனிகளால் வெளியிடப்பட்டு, சொந்த ஊரின் வானொலி எல்லையைத் தாண்டாமலே மறைந்துபோன தட்டுகள் பல, கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மறுவெளியீடு என்ற பெயரால் மீண்டும் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே, அதே அளவான உறையில், ஏறத்தாழ அதே விலைக்கு, இன்று நம்மோடு ஜீவித்திருக்கும் ஜாஸ் கலைஞர்களின் புதிய தட்டுகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. சேகரிப்பவர் கையிலுள்ள பணம் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் காணும். அவருக்கு யோசனை சொல்ல முன்வருகிற விமர்சகன், எந்தப் பிரமாணத்தைக் கொண்டு ஒன்றை வாங்கென்றும் மற்றொன்றை விடென்றும் சொல்லுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இது ரசனையைப் பற்றிய சில்லறை விவகாரமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு தட்டைக் கவனிக்கப்படாத தட்டென்று புகழும்போது, யாரால் கவனிக்கப்படாதது, எக்காரணத்தால், அக்காரணத்துக்கும் தட்டிலுள்ள சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விகளை விசாரியாமலே தாண்டிவிடுகிறோம். கவனிக்கப்படாமை என்பது வியாபாரச் சரித்திரத்தைச் சேர்ந்த ஒரு சம்பவம் என்றும், அதைச் சங்கீதத்தின் குணமாகப் படிப்பதும் குற்றமாகப் படிப்பதும் ஒருசேரத் தவறு என்றும் நான் கருதுகிறேன். அந்தக் கருத்தை எடுத்துக்காட்டுகளால் சோதிப்பதே இனி வருவது.

நிலவும் மூன்று பார்வைகள்

முதலாவது, அருமையையே பெருமையாகக் கொள்ளும் பார்வை. இது இங்கிலாந்தின் வட பகுதியில், நார்தர்ன் சோல் என்று பெயர்பெற்ற நடனக் கூட்டங்களில் வளர்ந்தது. விகன் நகரத்துக் கஸினோவில் 1973 முதல் 1981 வரை இரவு முழுவதும் நடந்த அக்கூட்டங்களுக்கு வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்கள், அமெரிக்காவில் விலைபோகாத, வேகமான தாளக்கட்டுள்ள டெட்ராய்ட் பாணித் தட்டுகளையே விரும்பினார்கள். வேறெவரிடமும் இல்லாத தட்டை வைத்திருப்பதே அங்கு தட்டுப் போடுபவரின் கீர்த்திக்கு மூலதனமாதலால், தட்டின் முகப்பிலிருந்த பெயரை மறைத்து, கற்பனைப் பெயரொன்றை ஒட்டி, போட்டியாளரின் கண்ணில் மண்ணைத் தூவும் வழக்கமும் இருந்தது. அந்த மரபின் சிகரம் ஃபிராங்க் வில்சன் 1965-இல் டெட்ராய்டின் மோட்டவுன் ஸ்தாபனத்தின் கிளைக் கம்பெனிக்காகப் பாடி, பகிரங்கமாக வெளிவராமலே நின்றுபோன ‘டூ ஐ லவ் யூ’ என்னும் தட்டு. விரல்விட்டு எண்ணத்தக்க பிரதிகளே எஞ்சிய அதில் ஒன்று 2009-இல் 25,742 பவுனுக்கு விலைபோயிற்று. பாட்டு நல்ல பாட்டுதான். கேட்டவுடன் கால் தானே எழும். ஆனால் அதே 1965-இல் அதே ஸ்தாபனம் வெளியிட்டு லட்சக்கணக்கில் விற்ற ஃபோர் டாப்ஸ் குழுவினரின் ‘ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்’ அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று; பழந்தட்டுக் கடையில் அது சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. விலைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் முழுவதும் பிரதிகளின் எண்ணிக்கையிலிருந்து பிறந்தது. ஒரு ஸ்வரம்கூட அதில் பங்கெடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, ஆவணப் பார்வை. 2003-இல் சிக்காகோவில் தொடங்கப்பட்ட நியூமெரோ குரூப் என்ற ஸ்தாபனம் இதற்குத் தக்க உதாரணம். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், பாடகரும் வானொலி அறிவிப்பாளருமான பில் மாஸ் நடத்திய கேப்சோல் என்ற சிறு கம்பெனியின் தட்டுகளைத் திரட்டி 2004-இல் அது தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. பாட்டோடு கூடவே, பாடினவர் யார், எந்தக் கொட்டகையில் பதிவாயிற்று, வானொலிக்காரர்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும் குறிப்பேடும் புகைப்படங்களும் வைப்பது அவர்களுடைய வழக்கம். இப்பணியின் உபகாரம் பெரிது. ஆனால் குறிப்பேட்டைப் படித்துக் கண்கலங்கியவனுக்குத் தட்டு நன்றாயிருந்ததா என்று சொல்லுவது சற்றுக் கடினமாகிவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, துண்டு எடுப்போரின் பார்வை. ஹிப்-ஹாப் இசை தயாரிப்போருக்குப் பழைய தட்டில் சில விநாடிகள் போதும். ஒரு முரசடி, ஒரு சிரிப்பு, ஒரு கனைப்பு. சில் ஜான்சன் 1967-இல் பாடிய ‘டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்’ இவ்விதமாகவே, பாடினவர் பெயரை அறியாத கோடிக் காதுகளை எட்டியது. இப்பார்வைக்குக் காது கூர்மையானது. ஆனால் ஒரு பாட்டின் முழு வடிவத்தைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது.

மறதிக்குக் காரணமான சக்திகள்

சோல் தட்டு ஒன்று மறைந்துபோனதற்குப் பெரும்பாலும் சங்கீதம் காரணமன்று. பணமும் வழியும் காரணம். டோரிஸ் டியூக் என்னும் பாடகியின் ‘ஐ’ம் எ லூசர்’ என்ற நெடுந்தட்டைப் பார்க்கலாம். ஸ்வாம்ப் டாக் என்ற விசித்திரமான புனைபெயரைப் பின்னர் சூட்டிக்கொண்ட ஜெரி வில்லியம்ஸ், ஜார்ஜியா மாநிலத்து மேக்கனிலே அதைப் பதிவுசெய்தார். 1970-இல் வெளிவந்தபோது அதிலிருந்து எடுத்த ஒரு பாட்டு கறுப்பின மக்களின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறவும் செய்தது. ஆகவே மக்கள் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. ஆனால் வெளியிட்ட கேன்யன் கம்பெனி திவாலாயிற்று. கம்பெனியோடு தட்டும் கடையிலிருந்து இறங்கிற்று. பெருஞ்செல்வச் சீமாட்டி ஒருத்தியின் பெயரும் டோரிஸ் டியூக்கே என்பதால், பாடகி தன் பெயராலும் விளம்பரம் பெற முடியாமற் போனது விதியின் குறும்பு. நார்தர்ன் சோல் என்ற பெயருக்கே கர்த்தாவான ஆங்கில விமர்சகர் டேவ் காடின், ஆழ்ந்த துயரச் சுவையுடைய சோல் தட்டுகளில் இதற்கு மிக உயர்ந்த ஸ்தானம் அளித்தார். அது மிகையன்று என்பது என் அபிப்பிராயம். மற்றொருத்தியின் கணவனை நேசிப்பவளின் நிலையை அவளுடைய வாயாலேயே, தன்னிரக்கமும் நியாய வாதமும் இன்றிச் சொல்லும் அப்பாடல்களை, டோரிஸ் டியூக் குரலை உயர்த்தாமல், வாக்கியத்தின் கடைசி அசையில் மாத்திரம் பாரத்தை இறக்கிப் பாடுகிறார். தேவாலயப் பாட்டில் பழகிய குரல் உரக்கப் பாடக்கூடிய இடத்திலெல்லாம் அடங்கிப் போவதைக் கவனிக்கும்போதுதான், இது எவ்வளவு தேர்ந்த கலை என்பது புலப்படும்.

இதற்கு நேர்மாறான காரணத்தால் மறைந்தது ஆலிஸ் கிளார்க் 1972-இல் பாடிய, அவர் பெயரையே கொண்ட ஒரே நெடுந்தட்டு. பாப் ஷாட் நடத்திய மெயின்ஸ்ட்ரீம் கம்பெனி பெரும்பாலும் ஜாஸ் வெளியிட்டது; கவுன்ட் பேசியின் குழுவுக்கு எழுதிப் பேர்பெற்ற எர்னி வில்கின்ஸ் வாத்திய அமைப்புச் செய்தார். சோல் வாங்குவோருக்கு அது ஜாஸ் கம்பெனித் தட்டாகவும், ஜாஸ் வாங்குவோருக்கு அது பாட்டுக்காரியின் தட்டாகவும் தோன்றியிருக்க வேண்டுமென்று ஊகிப்பது கடினமன்று. தன் பாட்டின் மறுபிறவியை இங்கிலாந்தின் நடனக் கூடங்களுக்கு விட்டுவிட்டு, பாடகி சங்கீத உலகத்திலிருந்து விலகி, 2004-இல் காலமானார். ஜிம்மி வெப் இயற்றிய ‘ஐ கீப் இட் ஹிட்’ என்ற மெதுவான பாட்டோடு தொடங்கி, வேகமான பாட்டுகளிலும் அவசரத்தைக் காட்டாத அத்தட்டில் நிரப்புதலுக்காகச் சேர்த்த பாட்டு என்று ஒன்றையும் நான் காணவில்லை. பல மறுவெளியீடுகளில் இரண்டு பாட்டு மாணிக்கமும் எட்டுப் பாட்டு கூழாங்கல்லுமாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமென்று தெரியும்.

அட்லாண்டாவின் கிதார்க்காரர் லீ மோசஸ் 1971-இல் வெளியிட்ட ‘டைம் அண்ட் ப்ளேஸ்’ அத்தகைய சமமான தட்டன்று. பிறருடைய கீர்த்திபெற்ற பாட்டுகளை எடுத்துத் தொண்டை கிழியப் பாடும் இடங்களில் அவர் சில சமயம் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபின் அதை வேறொருவருடையதென்று மயங்க இயலாது. மயாமியின் டீப் சிட்டி கம்பெனித் தொகுப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதை நடத்திய இருவரும் ஃபுளோரிடாவின் கறுப்பினப் பல்கலைக்கழகமொன்றில் பயின்றவர்கள். அங்குள்ள அணிவகுப்பு வாத்தியக் குழுவின் முரசும் ஊதுகருவிகளும் அத்தட்டுகளின் பின்னணியில் கேட்கின்றன. இது ஓர் ஊரின் ஓசை, வேறு எங்கும் உற்பத்தியாகியிருக்க முடியாதது. ஆவணப் பார்வைக்கு இங்கே வெற்றி என்று தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்: குறிப்பேட்டைப் படித்தபின் இத்தொகுப்பு காதுக்கும் மேலாகவே விளங்குகிறது.

காலத்தின் சோதனை என்னும் வாதம்

மறுவெளியீட்டை ஆதரிப்போர் கூறும் வலுவான நியாயம் ஒன்றுண்டு. பழந்தட்டு காலத்தின் சோதனையில் தேறியது. புதிய ஜாஸ் தட்டோ இன்னும் சோதிக்கப்படாதது. ஆகவே கைப்பணத்தை முன்னதிலே போடுவதே விவேகம் என்பது அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், கவனித்துப் பார்த்தால் நிற்கவில்லை. ஓர் இலக்கியம் காலத்தில் தேறியது என்றால், தலைமுறை தலைமுறையாக அதைப் படித்து, எதிர்த்து, மனப்பாடம் செய்து, பிறரோடு ஒப்பிட்டு வந்தார்கள் என்று பொருள். அலமாரியில் நாற்பது ஆண்டு கிடந்த ஒலிநாடாவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. காலம் அதைச் சோதிக்கவில்லை. பூட்டி வைத்திருந்தது, அவ்வளவே.

இதற்குத் தெளிவான சாட்சி பென்னி அண்ட் த குவார்ட்டர்ஸ் குழுவினரின் ‘யூ அண்ட் மீ’. கொலம்பஸ் நகரத்துப் ப்ரிக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் காலமானபின் அவர் வீட்டுப் பொருள்களோடு விற்பனைக்கு வந்த ஒலிநாடாக்களில், வெளியிடும் எண்ணமே இல்லாத ஒத்திகைப் பதிவாக அது கிடைத்தது. நியூமெரோ 2007-இல் அதை அச்சிட்டபோது பாடினவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ‘ப்ளூ வாலண்டைன்’ என்ற திரைப்படத்தில் 2010-இல் அது ஒலித்த பிறகே பாடியவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இப்பாட்டு 2007-க்கு முன் எவராலும் கேட்கப்படவில்லையாதலால் அதைப் பழைய பாட்டு என்பதில் அர்த்தமில்லை. கேட்போரைப் பொறுத்தமட்டில் அது 2007-இன் புதுப்பாட்டு. இந்த நியாயத்தை நீட்டினால், மறுவெளியீடுகளில் பெரும்பாலானவை நேற்று வெளிவந்த ஜாஸ் தட்டைப் போலவே காதின் தீர்ப்பை முதன்முறையாக எதிர்நோக்கி நிற்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மூலமும் பங்கும்

தட்டுக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்ற பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். சிறு கம்பெனிகளின் மூல ஒலிநாடாக்கள் தொலைந்துபோன இடங்களில் எஞ்சிய தட்டிலிருந்தே பிரதியெடுக்கிறார்கள். நேர்மையான வெளியீட்டாளர் அதை உறையிலேயே சொல்லிவிடுகிறார். பெருங்கம்பெனிகளின் பொக்கிஷங்களுக்கும் அபயமில்லை: ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்தாபனத்தின் சேமிப்பறையில் 2008-இல் நேர்ந்த தீயைப் பற்றி 2019-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது, நஷ்டத்தின் அளவு மிகைப்படுத்தப்பட்டதென்று கம்பெனி மறுத்தது. சேகரிப்போரின் காதுக்கு ஏற்பட்ட பரீட்சை 2022-இல் வந்தது. எண்ணிய (டிஜிட்டல்) கலப்பே இல்லாதவை என்று கருதப்பட்ட மொபைல் ஃபிடிலிட்டி கம்பெனியின் உயர்விலைத் தட்டுகள் பலவற்றில் இடையே எண்ணியப் படியொன்று இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. ஏமாந்த கோபம் நியாயமானதே. ஆனால், அத்தனை ஆண்டும் அந்தத் தட்டுகளின் ஓசையை மெச்சியவர்கள் அவர்களே என்பதை நினைத்தால், வம்சாவளியைக் காதாலே கண்டுகொள்வேன் என்ற உரிமைப் பேச்சைச் சற்று அடக்கிக்கொள்வது நலம்.

பலனில் பங்கு யாருக்குச் சேருகிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. சில் ஜான்சனுடைய ஆரம்பகாலப் பாட்டுகளை ஆறு நெடுந்தட்டும் நான்கு குறுந்தட்டுமாக நியூமெரோ 2010-இல் ‘கம்ப்ளீட் மித்தாலஜி’ என்ற பெயரில் வெளியிட்டது. அது கிராமி பரிசுக்கு இரு பிரிவுகளில் பரிசீலிக்கப்பட்டது. தம் குரலை அனுமதியின்றி எடுத்தாண்டவர்கள்மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்த அம்மனிதர் 2022-இல் காலமாகும் முன், தம் பெயரோடு தம் பாட்டு வெளிவந்ததைப் பார்த்தார். அவருடைய ‘இஸ் இட் பிகாஸ் ஐ’ம் ப்ளாக்’ என்ற நெடும்பாட்டு, இனத்தின் காரணமாக முன்னேற்றம் மறுக்கப்பட்டவனின் கேள்வியை ஒரே சீரான, களைத்த நடையில் திரும்பத் திரும்பக் கேட்பது. துண்டு எடுப்போருக்குப் பயன்படாத அந்த நீளத்தில்தான் அதன் முழு வலிமையும் இருக்கிறது.

இரு கிளைகள் பிரியுமிடம்

சோலையும் ஜாஸையும் வெவ்வேறு அலமாரியில் வைப்பது கடைக்காரரின் சௌகரியம். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் இயங்கிய பிளாக் ஜாஸ் என்ற கம்பெனி 1971 முதல் 1975 வரை இருபது நெடுந்தட்டுகளை வெளியிட்டது. 2020 முதல் ரியல் கான் மியூசிக் அவற்றை மறுவெளியீடு செய்து வந்தது. அவற்றில் டக் கார்னின் ‘இன்ஃபண்ட் ஐஸ்’ என்பதை முதலில் கேட்க வேண்டும். வெய்ன் ஷார்ட்டரும் ஜான் கோல்ட்ரேனும் வாத்தியத்துக்காக இயற்றிய மெட்டுகளுக்குக் கார்ன் சாகித்தியம் எழுத, ஜீன் கார்ன் பாடினார். ஜீன் கார்ன் பின்னர் ஃபிலடெல்ஃபியாவின் சோல் பாடகியாகப் புகழடைந்தவர். வாத்தியக்காரனின் மூச்சளவுக்கு அமைந்த தாவல்களைச் சொற்களோடு பாடுவது பிரயாசையான காரியம். சில இடங்களில் சாகித்தியம் உபதேசமாகத் தடித்துவிடுகிறது. ஆயினும் ஜீன் கார்னின் குரல் சுருதியிலிருந்து அணுவளவும் நழுவாமல் அந்தத் தாவல்களில் ஏறுவதைக் கேட்டால், அவரை எந்த அலமாரியில் வைப்பதென்ற கேள்வியே அற்பமாகிவிடும்.

இன்றைய ஜாஸ்

புதிய ஜாஸ் தட்டுகளில் என் கவனம் முக்கியமாகச் சிக்காகோவையும் அதன் உறவுகளையும் சார்ந்தது. 2014-இல் அங்கே தொடங்கிய இன்டர்நேஷனல் ஆந்தம் என்ற சிறு ஸ்தாபனம், முரசு வாத்தியக்காரர் மகாயா மெக்ரேவனின் ‘இன் த மொமண்ட்’ தட்டை 2015-இல் வெளியிட்டது. சிறு விடுதியொன்றில் பல இரவுகள் கற்பனை வாசிப்பாக நடந்த கச்சேரிகளைப் பதிவுசெய்து, அப்பதிவுகளிலிருந்து துண்டுகளை வெட்டி, சுற்றவிட்டு, அடுக்கி, அவர் அதைச் செய்தார். பழந்தட்டுகளைத் துண்டு எடுத்தவர்களின் வித்தையைத் தம்முடைய சொந்த வாசிப்பின்மேலேயே பிரயோகித்தார் என்க. இதை ஜாஸ் என்று கொள்ளலாகாது, அந்த க்ஷணத்தின் சத்தியம் கெட்டுவிட்டது என்று ஆட்சேபிப்போர் உண்டு. 1969-இல் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலண்ட் வே’ தட்டைத் தயாரித்த டியோ மெசெரோ, ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, தொடக்கப் பகுதியையே முடிவிலும் மீண்டும் வைத்தார் என்பதை நினைவூட்டினால் அந்த ஆட்சேபம் பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு இடமுண்டு: மெக்ரேவனின் சில துண்டுகள், ஆரம்பித்த யோசனையை வளர்க்காமல் சுழல்வதோடு திருப்தியடைந்துவிடுகின்றன. நான்கு நகரங்களில் பதிவான ‘யூனிவர்சல் பீயிங்ஸ்’ அக்குறையைப் பெரும்பாலும் கடந்தது.

ஜேமி பிராஞ்ச் என்ற ட்ரம்பெட் கலைஞர் 2022 ஆகஸ்டில், 39 வயதில் மறைந்தார். அவருடைய ‘ஃப்ளை ஆர் டை’ குழுவின் மூன்றாம் தட்டு அடுத்த ஆண்டு வெளிவந்தது. இறந்தவரின் தட்டு என்ற அனுதாபம் தீர்ப்பைக் கெடுக்குமென்பதால், 2017-இல் வெளிவந்த முதல் தட்டையே முன்னதாகக் கேட்கும்படி யோசனை சொல்வேன். செல்லோவும் பாஸும் முரசும் தாங்கி நிற்க, ட்ரம்பெட் சிறு வாக்கியங்களைக் கடுமையாகச் சொல்லி நிறுத்தும் அந்த முறை அங்கேயே பூரணமாயிருக்கிறது. ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸின் ‘ஜெசப் வேகன்’ (2021) வேறு வகை: டஸ்கீகியின் விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், குடியானவர்களைத் தேடிக் கிராமங்களுக்கு அனுப்பிய குதிரைவண்டிப் பள்ளிக்கூடத்தின் பெயரால் ஐவர் குழுவுக்கு எழுதப்பட்ட தொடர்கீதம். விஷயம் கனமானதென்பதால் சங்கீதம் கனத்துப்போகவில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னும் நேரான வழியொன்று வேண்டுமானால், சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பா, கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ இருக்கிறது. கன்னியாகுமரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதிலுண்டு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இதில் ராக சுத்தத்தைத் தேடினால் ஏமாற்றமடைவர். ஒரே வாத்தியத்தின் இருவேறு கமகப் பழக்கங்கள் அருகருகே நின்று பேசுவதைத் தேடினால் ஏமாற மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லும்படி கேட்டால், கிதார் கலைஞர் ஜெஃப் பார்க்கர் லாஸ் ஏஞ்சலஸில் ஈ.டி.ஏ. என்ற சிறு மதுக்கடையில் வாரந்தோறும் வாசித்த நால்வர் குழுவின் ‘மண்டேஸ் அட் த என்ஃபீல்டு டென்னிஸ் அகாடமி’ (2022) என்ற இரட்டைத் தட்டைச் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு ஒரே வாசிப்பு. அவசரமில்லாத பாஸ் நடையொன்று அமர்ந்ததும், அதன்மேல் சாக்ஸபோனும் கிதாரும் மிகச் சிறிய சொற்றொடர்களை வைத்து, கலைத்து, வேறிடத்தில் மீண்டும் வைக்கின்றன. பின்னணியில் கோப்பைகளின் ஓசையும் பேச்சரவமும் கேட்கின்றன. முதல் முறை கேட்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றக்கூடும். நாலைந்து முறை கேட்டவருக்கு, தனி ஆவர்த்தனம் என்ற எண்ணத்தையே இந்நால்வரும் கைவிட்டு, நால்வருக்கும் பொதுவான ஒரு வாக்கியத்தை முக்கால் மணிக்கும் மேலாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும். அந்தக் கடை 2023-உடன் மூடப்பட்டது. தட்டின் பிரதிகள் இப்போதைக்குக் கிடைக்கின்றன. டோரிஸ் டியூக்கின் தட்டையும் இதையும் சேர்த்து வாங்கினாலும், விகன் மரபினர் ஓர் அரிய நாற்பத்தைந்து சுற்றுத் தட்டுக்குக் கொடுக்கும் தொகையில் சிறு பகுதிதான் செலவாகும்.